கண்ணாடி போட்ட படங்களைக் கட்டி ஏற்றும் முன்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்த முதல் வாரத்திலேயே உடைந்த படங்கள் கடைக்கு வர ஆரம்பித்துவிடும். "கண்ணாடி மட்டும் மாத்திக் குடுங்கண்ணா" என்பார்கள். கண்ணாடி மாற்றுவது பத்து நிமிட வேலை. தாத்தாவின் கன்னத்தில் சில்லு இழுத்துவிட்ட கோட்டை நான் என்ன செய்ய? அதனால், கட்டும்போது உள்ளே இருக்கும் படத்தை நினைத்துக் கட்டுங்கள்.

சுவரிலிருந்து கழற்றியதும் எல்லாவற்றையும் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். சாமி படங்களில் சந்தனம், குங்குமம், காய்ந்த பூநார் எல்லாம் இருக்கும். ஈரத்துணி வைத்தால் தண்ணீர் கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் இறங்கி உள்ளே போய்விடும். பூஞ்சை பிடிக்க அது போதும்.

கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டுங்கள். பெரிய படம் என்றால் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் இரண்டு. டேப் ஒட்டினால் உடையாது என்று நினைத்துவிடாதீர்கள், உடையும். ஆனால் சில்லுகள் டேப்பிலேயே தொங்கும், படத்தின் மேல் விழுந்து உரசாது. டேப்பின் நுனியைக் கால் அங்குலம் உள்பக்கமாக மடித்து விட்டால் பிறகு உரிக்க நகத்தால் சுரண்ட வேண்டியிருக்காது. தங்க நிறச் சட்டத்தில் மட்டும் டேப் படவே கூடாது; உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும். பார்சல் கட்டும் பிரவுன் டேப்பும் வேண்டாம், பசை விடாது.

இனி முக்கியமான விஷயம், முதுகில் இருக்கும் கொக்கி. காவேரிப்பட்டினத்திலிருந்து நாங்கள் இங்கே குடி வந்தபோது, படங்களைத் தட்டு அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டியானையில் படுக்க வைத்து, மேலே மெத்தையைப் போட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் மேல் படத்தின் கொக்கி கீழ்ப் படத்தின் கண்ணாடியைக் குத்தியிருக்கிறது. நான்கு கண்ணாடி போச்சு. பிரேம் கடைக்காரன் வீட்டுக் கதை இது என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

ஆகவே கழற்ற முடிகிற கொக்கிகளைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு, பின்பக்க அட்டையிலேயே ஒட்டிவிடுங்கள். ஒரே அளவுப் படங்களை ஜோடி சேருங்கள்: முகத்தோடு முகம், முதுகோடு முதுகு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு அட்டை. நான்கு மூலைக்கும் அட்டையை முக்கோணமாக மடித்து மாட்டுங்கள். அடி முதலில் விழுவது மூலையில்தான். ஃபிரிட்ஜ், டிவி வந்த பெட்டியை வெட்டினால் ஒரு வீட்டுக்கே போதும். மாம்பழப் பெட்டி வேண்டாம், உயரம் பத்தாது. ஊர்ப் பழக்கத்தில் வைக்கோல் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பழத்துக்குச் சரி, படத்துக்கு அது ஈரமும் பூச்சியும்தான்.

பெட்டிக்குள் படம் நிற்க வேண்டும், படுக்கக் கூடாது. படுத்திருக்கும் கண்ணாடி ஒவ்வொரு குலுக்கலிலும் நடுவில் வளைகிறது, மேலே இருக்கும் சுமையும் அதன் தலையில். அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, இடைவெளிகளில் துணி திணித்து, பெட்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் திணிக்க வேண்டும். எடையையும் கணக்கில் வையுங்கள். 2க்கு 3 அடிப் படத்தில் 3 மில்லி கண்ணாடி மட்டுமே 4 கிலோவைத் தாண்டும். பெரிய படங்கள் நான்குக்கு மேல் ஒரே பெட்டியில் வேண்டாம். வண்டியில் நீளவாக்கில், மெத்தையில் சாய்த்து நிறுத்துங்கள்.

பெட்டியில் போகக் கூடாதவை இரண்டு. தஞ்சாவூர் படம் ஒன்று: மேடு தட்டிய வேலையும் தங்கத் தாளும் ஒரு சில்லு பட்டாலே பெயரும். யாராவது கையில் பிடித்துக்கொண்டு வரட்டும். இன்னொன்று, பால் காய்ச்சும்போது வைக்க வேண்டிய சாமி படம். அதை உப்பு, மஞ்சளோடு தனியாக எடுத்து வையுங்கள். விடியற்காலையில் எந்தப் பெட்டி என்று தேடிப் பிரித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

புது வீட்டுக்குப் போனதும் டேப்பை உரித்துவிடுங்கள். வெயில் பட்டால் பசை இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் தேங்காய் எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் தேய்க்கலாம், சட்டத்தின் இடுக்கில் இறங்காமல்.

மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் கவரும் பபிள் ராப்பும் வேண்டாம், உள்ளே ஈரம் அடைத்துக்கொள்ளும். பழைய பருத்திச் சேலை போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் சித்திரை வெயில் தாங்காது. தரையில் வைத்தால் கரையான். கட்டிலடியில் ஒரு பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் நிறுத்துங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஈரம் ஏறிய பழைய போட்டோ சில சமயம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை மட்டும் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே எடுத்து வாருங்கள். கண்ணாடிமேலேயே ஸ்கேன் எடுத்துப் புது பிரிண்ட் போடலாம்.