சிட்டி நடுவுல வீடு பாக்குறீங்களா? ராத்திரியும் ஒருவாட்டி போங்க
சிட்டி சென்டர்ல தங்குறதுல பெரிய லாபம் நேரம்தான், ஆபீஸ், பஸ் ஸ்டாப், மருந்துக்கடை எல்லாம் நடந்து போற தூரம், பாதி பேருக்கு வண்டியே தேவப்படாது. வாடகைய கேட்டா தல சுத்தும்தான், ஆனா பெட்ரோல், பார்க்கிங்ல மிச்சமாகுறத கழிச்சுட்டு அப்புறம் கணக்கு போடுங்க.

உண்மையான தலைவலி சத்தம். பகல்ல மட்டும் போய் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, வெள்ளிக்கிழம ராத்திரி 11 மணிக்கு ஒருவாட்டி, விடியக்காலைல ஒருவாட்டி போய் சும்மா நில்லுங்க. நான் அப்படி பண்ணல, கீழ இருந்த கடை ஷட்டர தினமும் 5.30க்கு கரகரன்னு தூக்குறப்பதான் புத்தி வந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் 2009ல ஐரோப்பாவுக்கு சொன்ன அளவு ராத்திரில வீட்டுக்கு வெளிய சராசரி 40 டெசிபல், மெயின் ரோட்ல அதெல்லாம் கனவு.

அதனால பெட்ரூம் பின்பக்கம் இருக்குற வீடா பாருங்க. மேல்மாடின்னா சத்தம் வராதுன்னு நம்பாதீங்க, எதிர்ல உயரமான பில்டிங் இருந்தா எதிரொலிச்சு மேல வரும். ஜன்னல மூடிட்டு ஓரத்துல கைய வச்சு பாருங்க, காத்து வர்ற இடுக்கு வழியாத்தான் சத்தமும் உள்ள வரும், அத ரப்பர் பட்டி ஒட்டி அடைச்சாலே ஓரளவு கொறையும்.