கோவையில் இரண்டு நாள்: நடக்கக்கூடிய சுற்றுலாத் திட்டம் போடுவது எப்படி?

"சனி, ஞாயிறு ரெண்டு நாள் கோயமுத்தூர் வர்றோம். ஊட்டி, ஆதியோகி, மருதமலை, கோவை குற்றாலம், டாப்சிலிப் எல்லாம் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில் ஏறணும். ஒரு பிளான் போட்டுக் குடுங்க." கோவையில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கோரிக்கை பழகிப்போன ஒன்று. கேட்பவர்கள் ஆசையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஊட்டி வடக்கே மலை மேல் இருக்கிறது, டாப்சிலிப் தெற்கே ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கிறது, மற்ற மூன்றும் மேற்கே. இத்தனையையும் இரண்டு நாளில் அடைத்தால் கோவையைப் பார்த்ததாகவே இருக்காது, கார் கண்ணாடிக்கு வெளியே ஓடிய மரங்களைத்தான் பார்த்திருப்பீர்கள்.

முதல்முறையாகத் திட்டம் போடுபவர்களுக்காக, கோவையையே உதாரணமாக வைத்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். கையில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்குங்க.

படி 1: கையில் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

இடங்களின் பட்டியலை அப்புறம் எழுதலாம், முதலில் நேரத்தை எழுதுங்க. சனிக்கிழமை காலை 7 மணிக்கு கோவை ஜங்ஷனில் இறங்குகிறீர்கள், ஞாயிறு இரவு 9 மணிக்கு அதே ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 38 மணி நேரம். இதில் தூக்கத்துக்கு 8 போனால் 30. இரண்டு நாள் காலையிலும் குளித்துக் கிளம்ப ஒன்றரை ஒன்றரை மணி நேரம், மீதி 27. ஆறு வேளைச் சாப்பாட்டுக்கு வேளைக்கு முக்கால் மணி வைத்தால் நாலரை மணி நேரம் போய் 22½ நிற்கும். இரண்டு மதியமும் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்தால் 19½. ரூம் போடுவது, காலி செய்வது, பையை ஒப்படைப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம், மீதி 18. ஊருக்குள் போகவர 6 மணி நேரம் எடுத்துவிட்டால் இடங்களைப் பார்க்க மிஞ்சுவது 12 மணி நேரம்.

அதாவது மூன்று மூன்று மணி நேரமாக நான்கு பொழுதுகள்: சனி முற்பகல், சனி மாலை, ஞாயிறு முற்பகல், ஞாயிறு மாலை. திட்டம் முழுக்க இந்த நான்கு கட்டங்களுக்குள்தான் அடங்க வேண்டும்.

மதியத் தூக்கம் எதற்கு என்று இளவட்டங்கள் கேட்கலாம். ராத்திரி ரயிலில் அரைத் தூக்கம் தூங்கி வந்தவர்களுக்கு, அதிலும் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருபவர்களுக்கு, அந்த ஒன்றரை மணி நேரம் இருந்தால்தான் மாலைப் பொழுது உருப்படும். அதை மட்டும் வெட்டாதீங்க.

படி 2: இடங்களை ரோடு வாரியாகப் பிரியுங்கள்

பார்க்க ஆசைப்படும் இடங்களையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றும் எந்த ரோட்டில் வருகிறது என்று பக்கத்தில் குறியுங்க. கோவையிலிருந்து திசைக்கு ஒரு பெரிய ரோடு பிரிகிறது. மேற்கே பேரூர் வழியாகப் போகும் சிறுவாணி ரோட்டில் பேரூர் கோயில், ஆதியோகி, கோவை குற்றாலம் மூன்றும் வரும். வடமேற்கே மருதமலை ரோடு. வடக்கே மேட்டுப்பாளையம், ஊட்டி. கிழக்கே அவிநாசி ரோட்டில் கார் மியூசியமும் விமான நிலையமும். தெற்கே உக்கடம் தாண்டினால் பொள்ளாச்சி, ஆனைமலை, டாப்சிலிப். நடுவில் டவுன்ஹால், கோனியம்மன் கோயில், ஒப்பணக்கார வீதி, பெரியகுளம்.

ஒரு பொழுதுக்கு ஒரு ரோடு என்பதுதான் நான் யாருக்குத் திட்டம் போட்டாலும் மீறாத விதி. மருதமலையையும் பேரூரையும் வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். இரண்டையும் ஒரே காலையில் முடிக்கப் போனால் இரண்டிலும் செருப்பை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

படி 3: நடை சாத்தும் நேரம், விடுமுறை நாள், திருவிழா

திட்டம் போடும்போது பலரும் தாண்டிப்போகிற படி இதுதான். நம் ஊர்க் கோயில்களில் பெரும்பாலும் மதியம் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள். பன்னிரண்டரைக்கு பேரூர் போய் இறங்கினால் பாதித் தரிசனம்தான். கார் மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை. கோவை குற்றாலம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள அருவி. மேலே மழை பெய்து தண்ணீர் பெருகினால் அன்றைக்கே மூடிவிடுவார்கள், அதனால் அதை நம்பி ஒரு முழுப் பொழுதை ஒதுக்காதீங்க.

அடுத்து நாள்காட்டி. மாசியில் கோனியம்மன் தேரோட்டம் என்றால் டவுன்ஹால் பக்கம் வாகனப் போக்குவரத்து மாறிவிடும். தைப்பூசத்தன்று மருதமலையில் கூட்டம் நெரியும். மகா சிவராத்திரி இரவு, ஆதியோகி சிலை இருக்கும் ஈஷா யோகா மையத்துக்குப் போகும் வண்டிகளால் சிறுவாணி ரோடு நகராது. ஆடி அமாவாசையில் பேரூர் நொய்யல் படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுக்கச் சுற்று வட்டாரமே திரண்டிருக்கும். இவற்றைக் காணவே வருகிறீர்கள் என்றால் அந்த ஒன்றுக்கே முழு நாளைக் கொடுங்க. இல்லையென்றால் வேறு வாரம் பாருங்க.

ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். சுற்ற அருமையான பருவம் அது. ஐப்பசியில் பிற்பகல் மழைக்கு வாய்ப்பு அதிகம், திறந்தவெளி இடங்களைக் காலையில் வைத்துக்குங்க.

படி 4: போகவர ஆகும் நேரத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

கூகுள் மேப்பில் ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் காலியான ரோட்டின் நேரத்தைத்தான் காட்டும். இப்படிச் செய்யுங்க: புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் போட்டபின், மேலே ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்க. புறப்படும் நேரத்தைக் குறிக்கும் வசதி வரும். அதில் நீங்கள் போகப்போகிற கிழமையையும் மணியையும் கொடுங்க, சனிக்கிழமை மாலை 5 என்பது போல. '25 முதல் 45 நிமிடம்' என்று வந்தால் பெரிய எண்ணைத்தான் தாளில் எழுதணும். அதற்கு மேல் ஒரு கால் மணி சேருங்க. வண்டி நிறுத்தவும், ஆட்டோ கிடைக்கவும், பாத்ரூம் தேடவும் அது சரியாகப் போய்விடும்.

கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10 கி.மீ. நீளும் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபின், விமான நிலையப் பக்கமிருந்து ஊருக்குள் வருவது எளிதாகிவிட்டது. அதற்கு முன்னால் எழுதிய பயணக் குறிப்புகளில் உள்ள அவிநாசி ரோட்டு நேரத்தை நம்ப வேண்டாம்.

படி 5: தங்கும் இடத்தைத் திட்டம் முடிவு செய்யட்டும்

முதலில் ரூமைப் போட்டுவிட்டு அப்புறம் இடங்களைத் தேடினால் தினமும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். பார்க்கும் இடங்கள் மேற்கே அதிகம் என்றால் ஆர்.எஸ்.புரம் வசதி. டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்களுக்கு காந்திபுரம். ரயிலில் வந்து ரயிலிலேயே திரும்பினால் ஸ்டேஷன் பக்கம்.

ரூம் போடும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்க: "உங்களுது இருபத்துநாலு மணி நேரக் கணக்குங்களா, இல்ல மதியம் பன்னெண்டுக்குக் காலி பண்ணணுங்களா?" 24 மணி நேரக் கணக்கில் சனி காலை ஏழரைக்கு ரூம் எடுத்தால் ஞாயிறு காலை ஏழரைக்கே முடிந்துவிடும். மதியக் கணக்கு என்றால் சனி காலை சீக்கிரம் போவதற்குத் தனியாகப் பணம் கேட்கலாம். இரண்டு பதிலுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் மாறும். காலி செய்தபின் பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போக முடியுமா என்றும் சேர்த்துக் கேட்டுக்குங்க.

படி 6: நான்கு கட்டங்களை நிரப்புங்கள்

சனி முற்பகல், அவிநாசி ரோடு. குளித்து, சாப்பிட்டு, பத்து மணிவாக்கில் ஜி.டி. கார் மியூசியம். பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். பெரியவர்கள் ஜி.டி. நாயுடுவின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் இன்னும் ரசிக்கலாம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய மனிதர், 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் இந்த ஊரில் உருவானதில் பங்கெடுத்தார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புக்கு கோவை பேர்பெற்றதன் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

சனி மாலை, சிறுவாணி ரோடு. நடை திறக்கும் 4 மணிக்கு பேரூர் பட்டீசுவரர் கோயிலில் இருக்கும்படி கிளம்புங்க. நான்கு கட்டங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நேராக மூலவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், நடராசர் சன்னதிக்கு முன்னால் உள்ள கனகசபை மண்டபத்துக்குப் போங்க. யானைத் தோலை உரித்துப் போர்த்தும் சிவன், வீரபத்திரர், பிட்சாடனர், ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி என்று ஆளுயரத்துக்கும் மேலான சிற்பங்கள் தூணுக்குத் தூண் நிற்கின்றன. யானைத் தோலுக்குள் இருக்கும் சிவனின் விரல் நகம் வரைக்கும் பாருங்க. பிறகு தலையை நிமிர்த்துங்க, விதானத்தில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி இருக்கும். சபையைப் பார்க்க மட்டும் முக்கால் மணி நேரம் வைத்துக்குங்க.

இந்தக் கோயிலில் ஆனி மாதம் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. சுந்தரர் பொருள் கேட்டு வர, கொடுக்க ஒன்றுமில்லாத பட்டீசுவரர் அம்மன் பச்சைநாயகியோடு வயலில் இறங்கி நாற்று நட்டாராம். வேளாண்மையே வாழ்வான கொங்கு நாட்டில் சாமியும் சேற்றில் இறங்கியதைக் கொண்டாடுகிறார்கள்.

ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்பி அதே ரோட்டில் மேற்கே போனால் வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் 112 அடி ஆதியோகி. அன்றைக்கு ஒளிக்காட்சி உண்டா, எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே ஈஷாவின் இணையதளத்தில் பார்த்துக்குங்க. ஆதியோகி வேண்டாம் என்பவர்கள் பேரூரிலிருந்தே திரும்பி, ஆர்.எஸ்.புரத்தில் நிதானமாகச் சாப்பிடலாம்.

ஞாயிறு முற்பகல், மருதமலை. ஆறரைக்குக் கிளம்புங்க. காந்திபுரத்திலிருந்து 70-ம் எண் டவுன் பஸ் அடிவாரம் வரை போகிறது. கால் தெம்புள்ளவர்கள் படியேறலாம், மற்றவர்களுக்கு அடிவாரத்திலிருந்து கோயில் பஸ் உண்டு. வெய்யில் ஏறுமுன் முருகனைக் கும்பிட்டுவிட்டு, பாம்பாட்டிச் சித்தர் குகையையும் பார்த்துவிட்டு, பத்தரைக்குள் இறங்கிவிடலாம்.

ஞாயிறு மாலை, டவுன்ஹால். கடைசிப் பொழுதுக்கு எப்போதும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து இடத்தையே வையுங்க. கோனியம்மன் கோயில், ஒப்பணக்கார வீதியில் துணி எடுப்பது, பிறகு உக்கடம் பெரியகுளத்துக் கரையில் காற்று வாங்குவது. எது இழுத்தாலும் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருப்பதால் ரயிலை விட்டுவிடுவோமோ என்ற பதற்றம் இருக்காது.

படி 7: சாப்பாட்டையும் திட்டத்தில் எழுதுங்கள்

காலையில் இட்லி, சாம்பார் ஊரெங்கும் நன்றாக இருக்கும். ஒரு மதியமாவது நெய் ஊற்றிய அரிசிப் பருப்புச் சாதம், இல்லையென்றால் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்த் துண்டும் போட்ட பள்ளிபாளையம் சிக்கன் தேடிச் சாப்பிடுங்க. மாலையில் தள்ளுவண்டிக் காளான், மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவி வாங்குங்க. ஞாயிறு மதியம் பேர்பெற்ற ஓட்டல்களில் வரிசை நிற்கும், பன்னிரண்டுக்கே போய்விடுவது நல்லது.

படி 8: எதை விடுவது என்று இப்போதே முடிவெடுங்கள்

ஊட்டியை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில், 46 கி.மீ. ஏறி ஊட்டி சேரும்போதே மதியம் ஆகிவிடும். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஊட்டிக்குத் தனியாக மூன்று நாள் ஒதுக்கி வாங்க. வால்பாறைக்கும் டாப்சிலிப்புக்கும் இதே பதில்தான்.

நான்கு கட்டங்களுக்குள்ளும் ஒவ்வொரு இடத்தின் பக்கத்தில் 'கட்டாயம்' அல்லது 'முடிந்தால்' என்று எழுதுங்க. கட்டத்துக்கு ஒரு கட்டாயம் போதும். என் தாளில் சனி மாலைக்குப் பேரூர் கட்டாயம், ஆதியோகி முடிந்தால். மழை வந்தாலோ குழந்தைக்கு முடியாமல் போனாலோ எதை வெட்டுவது என்று ரோட்டோரம் நின்று குடும்பத்தோடு வாதாட வேண்டியதில்லை.

கிளம்பும் முன்தினம் அந்தத் தாளைப் படம் எடுத்து, கூட வருகிற எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்க. சில்லறையாக நூறு, இருநூறு ரூபாய் பையில் இருக்கட்டும், டவுன் பஸ்ஸில் உதவும். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கோவையில் தனியார் டவுன் பஸ்ஸும் ஓடுகிறது, அதில் டிக்கெட் எடுக்கணும். ஏறும் முன் எந்த பஸ் என்று பார்த்து ஏறுங்க.