மூட்டம் இறங்குமுன் சூரியன்: குழந்தைகளோடு கொடைக்கானலில் ஒரு நாள்

கொடைக்கானலில் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய இரண்டு அருங்காட்சியகங்கள் உண்டு. ஒன்று, மலைமேட்டில் இருக்கும் சூரிய ஆய்வகத்தின் காட்சிக்கூடம். இன்னொன்று, வத்தலக்குண்டு சாலையில் ஊருக்குக் கீழே இருக்கும் செண்பகனூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். வரும் வழியிலேயே இருக்கிறது என்று பலரும் செண்பகனூரில் முதலில் இறங்கிவிடுகிறார்கள். அங்கே இரண்டு மணி நேரம் போய்விடும். மேட்டுக்குப் போய்ச் சேரும்போது மூட்டம் இறங்கியிருக்கும், சூரிய ஆய்வகத்தில் சூரியனையே பார்க்க முடியாது. வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவோடு மேலேறிக் குளிர்ந்து மேகமாகிவிடுகிறது. அதனால் காலையில் மேடு, மதியத்துக்கு மேல் செண்பகனூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை.

இரண்டு இடங்களிலும் திறக்கும் நாளும் நேரமும் சீசனுக்கு ஏற்ப மாறும். முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், அதையும் வீட்டிலேயே எடுத்துவிட்டால் சோதனைச்சாவடியில் நிற்க வேண்டாம். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது, எவர்சில்வர் பாட்டில் போதும்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. இதைச் செய்துவிட்டு வரும் குழந்தை ஆய்வகத்தில் கேள்வி கேட்கும். செய்யாத குழந்தை பத்து நிமிடத்தில் "போலாமா?" என்று ஆரம்பித்துவிடும்.

பவுடர் டப்பாவில் இருக்கிற மாதிரி சின்னக் கண்ணாடி ஒன்று எடுங்கள். அதன்மேல் கறுப்பு அட்டையை ஒட்டி, நடுவில் 6 மி.மீ. அளவில் ஒரு சதுர ஓட்டை வெட்டுங்கள். வெயில் விழும் ஜன்னல் திண்டில் ஒரு உருண்டை சப்பாத்தி மாவை வைத்து, அதில் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்துங்கள். கையில் பிடித்தால் உருவம் ஆடும், மாவில் பதித்தால் ஆடாது. வெளிச்சப்பொட்டை எதிர்ப்பக்க இருட்டறைச் சுவரில் விழவையுங்கள். அரை மீட்டர் தூரத்தில் பொட்டு ஏறக்குறைய சதுரமாகத் தெரியும். 10 மீட்டருக்குத் தள்ளிப் போனால் 9 செ.மீ. அகலத்தில், இட்லி அளவுக்கு உருண்டையாகிவிடும். ஓட்டை சதுரம், வெளிச்சம் வட்டம். ஏன் என்று குழந்தையே யோசிக்கட்டும். சுவரில் விழுவது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் உருவம்.

தூரத்தை 108 ஆல் வகுத்தால் உருவத்தின் அகலம் கிடைக்கும். 10 மீட்டர் இடம் இல்லாவிட்டால் 5 மீட்டரும் போதும், உருவம் பாதி அளவாகும். உருவம் மங்கலாக இருந்தால் அறையில் இருட்டு போதவில்லை என்று அர்த்தம். விளிம்பு சதுரமாகவே இருந்தால் தூரம் போதவில்லை, இல்லை ஓட்டை பெரிது. சூரியன்மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளி இதில் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓட்டை அளவுக்கே உருவம் கலங்கும்.

பிறகு சுவரில் உருவத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு இரண்டரை நிமிடம் காத்திருங்கள். சூரியன் கோட்டைவிட்டு முழுக்க வெளியே போயிருக்கும். பூமி சுழல்வதைக் குழந்தை தன் வீட்டுச் சுவரில் பார்ப்பது இப்படித்தான். ஒரு ரவைத் துகளை அந்த 9 செ.மீ. வட்டத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சூரியன் அந்த அளவென்றால் பூமி ஏறக்குறைய அந்த ரவைதான்.

கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஒளி போகும் பாதையில் குழந்தையின் முகம் குறுக்கே வரக் கூடாது. பைனாகுலரால் சூரியனைப் பார்ப்பது ஒரு நொடி என்றாலும் கண்ணைக் கெடுக்கும்.

மலைப்பாதையில் பல குழந்தைகளுக்கு வாந்தி வரும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். வண்டியில் போனைக் கையில் கொடுக்காதீர்கள். கண் திரையிலும் உடம்பு வளைவிலும் இருந்தால் குமட்டும். உப்பு நார்த்தங்காய்த் துண்டு வாயில் இருக்கட்டும். மாத்திரை என்றால் டாக்டர் சொன்ன அளவில்தான், இரண்டு வயதுக்குக் கீழே நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

ஆய்வகம் 1899ல் தொடங்கியது, உயரம் 2343 மீட்டர். மேட்டில் காற்று சில்லென்று இருந்தாலும் வெயில் தோலைச் சுடும், ஸ்வெட்டரோடு தொப்பியும் வேண்டும். வெயில் இருக்கும்போதே சூரியனின் நேரடி உருவத்தையும், அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து, நடுவே கறுப்புக் கோடுகளோடு விழும் நிறமாலையையும் பார்த்துவிடுங்கள். சுவர்ப் படங்களுக்கு மூட்டம் வந்த பிறகும் நேரம் இருக்கும். இங்குள்ள கோபுரத் தொலைநோக்கியில் கண்ணாடிகள் சூரியன் நகர நகரத் திரும்பி, ஒளியை 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. சூரியன் அங்கே சுமார் 34 செ.மீ. அகலத்தில் விழுகிறது. "நம்ம வீட்டுக் கண்ணாடி திரும்பவில்லை, அதனால் சூரியன் கோட்டைத் தாண்டிப் போச்சு" என்று சொன்னால் குழந்தைக்குச் சட்டென்று பிடிபடும். 1909ல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை நிறமாலைக் கோடுகளைக் கொண்டு கண்டுபிடித்தது இந்த மேட்டில்தான். இதைக் கேட்டுவிட்டு நிறமாலையைப் பார்க்கும் குழந்தை அந்தக் கறுப்புக் கோடுகளை வெறும் கோடாகப் பார்க்காது.

செண்பகனூர் சேசு சபையாரின் சேகரிப்பு. பாடம் செய்த பறவை, விலங்குகளோடு பழனி மலையின் கற்திட்டைகளில் (பழங்காலக் கல்லறைகளில்) கிடைத்த பொருள்களும் உண்டு. எல்லாவற்றையும் காட்ட முயன்றால் களைப்புதான் மிஞ்சும். ஐந்தே ஐந்தைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லுங்கள், பென்சிலும் நோட்டும் போதும். நான்கு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பாடம் செய்த விலங்குகளைக் கண்டு பயப்படலாம். தூக்கிக்கொண்டு பூச்சிகளின் பக்கம் போய்விடுங்கள்.

திரும்பும் வழியில் காட்டெருமை சாலைக்கு வந்தால் ஜன்னலை ஏற்றிக்கொண்டு வண்டியிலேயே இருங்கள், ஹாரன் வேண்டாம். அது நகரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.