சோல் கலந்த ஜாஸ் குரலைக் கேட்டுப் பழகும் முறை

பெங்களூரு அல்சூரில் கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள், அமெரிக்க ஜாஸ் பாடகர் கிரெகரி போர்ட்டர் 2013-இல் புளூ நோட் இசை நிறுவனம் வழியே வெளியிட்ட ‘லிக்விட் ஸ்பிரிட்’ ஆல்பத்தை, தெரு இரைச்சல் அடங்கிய விடியற்காலையில் ஹெட்போன் அணிந்து கேட்கத் தொடங்குவது நல்லது. முதல் முறை பாடகரை விட்டுவிட்டு, டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் நடையை மட்டும் பின்தொடருங்கள். அடுத்து, தலைப்புப் பாடலில் கைதட்டல் ஒலிக்கும்போது நீங்களும் தொடையில் தட்டுங்கள். ஆதி தாளத்தின் சமத்திற்கே (தொடக்க எண்ணிக்கைக்கே) அழுத்தம் கொடுத்துப் பழகிய நமக்கு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாடல் மரபிலிருந்து வளர்ந்த சோல் இசையில் நான்கு எண்ணிக்கையின் இரண்டாவதும் நான்காவதுமே பெரும்பாலும் ஓங்கி விழும் என்பதால், தொடக்கத்தில் கை தடுமாறும். அது பிடிபட்ட பிறகே குரலுக்கு வாருங்கள். சொல்லைத் தாளத்திற்குச் சற்றுப் பின்னே தள்ளி அவர் பாடும் இடங்களில் ஜாஸ் தெரியும். எனக்கு அந்தத் தாமதமே உயிர். கேட்டவுடன் நாவில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி, பாப் இசையின் கொடை. நாளுக்கு இரண்டு பாடல்கள் போதும்.