போகிப் புகையும் இதய நோயாளிகளும்

வீட்டில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களோ பிபி மாத்திரை சாப்பிடும் பெரியவர்களோ இருந்தால், போகி அன்று விடிகாலையில் வாக்கிங் அனுப்பாதீர்கள். டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகையில் இருக்கும் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள், நுரையீரலின் அடி வரை போய் ரத்தக்குழாயில் அழற்சியைக் கிளப்பும். இது காற்றில் கூடிய நாட்களில் மாரடைப்பு, பக்கவாதம் என்று அவசரப் பிரிவுக்கு வருவோரும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மார்கழிக் குளிரில் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கிவிடும். வெயில் ஏறட்டும், அப்புறம் நடக்கலாம். மதுரையில் சிம்மக்கல், கோரிப்பாளையம் நெரிசலுக்குள் போயே ஆக வேண்டுமென்றால் என்95 மாஸ்க். துண்டைக் கட்டிக்கொள்வது புழுதிக்குச் சரி, இதற்கு உதவாது. நெஞ்சை அழுத்துகிறது, குப்பென்று வியர்க்கிறது என்றால் வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.