லினக்ஸ் நிறுவும்போதே எல்விஎம் போட்டுவிடுங்கள்

ரூட்டுக்கு (கணினி அமைப்பும் நிரல்களும் இருக்கும் பகுதி) 30 ஜிபி, மிச்சமெல்லாம் ஹோமுக்கு (நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் பகுதி) என்று கண்ணளவில் வட்டைப் பிரித்து லினக்ஸ் நிறுவுகிறோம். ஒரு நாள் ரூட் நிரம்பி, அப்டேட்கூட ஏறாமல் நின்றுவிடும். பக்கத்திலேயே ஹோமில் 200 ஜிபி சும்மா கிடக்கும்.

இந்த அவஸ்தை வேண்டாமென்றால் நிறுவும்போதே எல்விஎம் (LVM) வசதியைத் தேர்ந்தெடுங்கள். வட்டின் இடத்தைப் பின்னாலும் மாற்றிப் பங்கிட உதவுவது இது. டெபியன், உபுண்டு இரண்டிலும் இருக்கிறது. வட்டுகளை ஒரே வால்யூம் குரூப்பாக, அதாவது ஒரே பொது இடமாகச் சேர்த்துவிட்டு, அதிலிருந்து ரூட், ஹோம் போன்றவற்றுக்கு வேண்டிய அளவுக்கு லாஜிக்கல் வால்யூம்கள் என்ற பகுதிகளை வெட்டிக்கொள்ளலாம். இடம் போதவில்லையா? புது வட்டு ஒன்றை வாங்கி அதே குரூப்பில் சேர்த்தால் போதும்.

முழு இடத்தையும் முதல் நாளே பங்குபோட்டுவிடாதீர்கள். கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு மீதியைக் குரூப்பிலேயே விட்டுவையுங்கள். பிறகு எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend) கட்டளையோடு 'மைனஸ் ஆர்' (-r) சேர்த்துக் கொடுத்தால், வால்யூமும் அதில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமையும் ஒன்றாகவே வளரும். கணினியை அணைக்கக்கூட வேண்டியதில்லை! உபுண்டு சர்வரில் பெரிய வட்டு இருந்தும் ரூட் சிறியதாகத் தெரிகிறதா? பதற வேண்டாம், மீதி பெரும்பாலும் குரூப்பில்தான் இருக்கும்.

பெரிதாக்குவதுபோலச் சுருக்குவது எளிதல்ல. கோப்பு முறைமை இஎக்ஸ்டி4 (ext4) வகை என்றால் அன்மவுண்ட் செய்த (பயன்பாட்டிலிருந்து கழற்றிய) பிறகே சுருக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ் (XFS) வகை என்றால் சுருக்கவே முடியாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இரண்டு வட்டுகளில் பரவிய வால்யூமில் ஒரு வட்டு பழுதானாலும் மொத்தமும் போய்விடக்கூடும். அதனால் பேக்கப்பைக் குரூப்பில் சேராத தனி வட்டில் எடுத்து வையுங்கள்.