வலிக்கவில்லை என்ற பையனின் சொல்லை நம்பலாமா? சிறுவர் பளுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டுப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டையும் அதற்கான பளுப் பயிற்சியும் சொல்லித் தருகிறேன். புதிதாக வந்த பயிற்சியாளர்கள் இருவர், என் பழைய பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வார்ம்-அப், தண்ணீர் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலி இல்லாவிட்டால் ஓய்வு வேண்டாம் என்று எண்ணுதல்

பருவமடையாத பிள்ளைகளின் தசைகள் கடும் பயிற்சிக்குப் பின் பெரியவர்களைவிட விரைவாகக் களைப்பு நீங்கப் பெறுகின்றன. ஓரிரு நாள் கழித்து உச்சத்தைத் தொடும் தசைவலியும் அவர்களுக்குப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். என்னை ஏமாற்றியது இதுதான். கிடுகிடுவென உயரம் ஏறிக்கொண்டிருந்த 13 வயதுப் பையன் ஒருவன், "நோவவே இல்ல மாஸ்டர், இன்னொரு செட் போடட்டா?" என்று கேட்கக் கேட்க, நாள் தவறாமல் பஸ்கியும் குதிப்பும் போட வைத்தேன். ஒரு மாதத்தில், மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்கத் தொடங்கினான். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே சிறு புடைப்பு இருந்தது, தொட்டாலே துடித்தான். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றார் எலும்பு மருத்துவர். தொடையின் முன்தசை, தன் தசைநார் வழியாக, இன்னும் முற்றாத வளர்ச்சிக் குருத்தெலும்பை ஓயாமல் இழுப்பதால் வருவது அது. தசைக்கு ஒருநாள் போதுமாக இருந்திருக்கலாம். அந்தக் குருத்தெலும்புக்குப் போதவில்லை. அந்த ஆண்டுப் போட்டிகள் அனைத்தும் அவனுக்குப் போயின. "பசங்களுக்கு எதுக்கு ரெஸ்ட்டு?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் மட்டுமே பளு; ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் வேலை கிடையாது.

தூக்கத்தைக் கணக்கில் சேர்க்காமை

13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. டியூஷன் முடித்து 11 மணிக்குப் படுப்பவனை 5 மணிப் பயிற்சிக்காக 4.30க்கு எழுப்பினால் ஐந்தரை மணிதான் மிஞ்சுகிறது.

புரோட்டீன் பவுடர்

வேண்டாம், முட்டையும் சுண்டலும் மத்தி மீனும் போதும்.

தண்டனையாகப் பஸ்கி

பரீட்சை விடுமுறை முடிந்து வருபவனை, தாமதத்துக்காக நூற்றுக்கணக்கில் பஸ்கி போட வைத்தால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். தொடை வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், மறுநாள் வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.